ஸ்பூன் வார்ப்பது எப்படி? (1750-ஆம் ஆண்டுக்கு மட்டும்)

நீங்கள் 1750-இல் மாசசூசெட்ஸில் ஒரு பண்ணை வீட்டில் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளக் கூழ் குடிக்க ஸ்பூன் வேண்டும். முதல் வேலையாக, இருக்கிற ஸ்பூனை உடையுங்கள்.

சிரிக்காதீர்கள். ஸ்பூன் பியூட்டரால் ஆனது. பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம். உங்கள் ஊர் மண்ணில் அது கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து கட்டியாக வரவழைத்தால் வரி. தட்டாகவும் ஸ்பூனாகவும் வாங்கினால் சலுகை. உங்களுக்கு வேலை வைக்கக் கூடாது என்று அரசருக்கு அவ்வளவு அக்கறை. ஆகவே உடைந்த ஸ்பூன்தான் உங்கள் சுரங்கம். உடைப்பதும் சிரமமில்லை. வளைந்த காம்பை நாலு தடவை நிமிர்த்தினால் தானே ஒடியும்.

அடுத்தது அச்சு. வெண்கலத்தில் இரண்டு பாதியாக இருக்கும், விலை கடிக்கும். வைத்திருக்கும் வீட்டில் இரவல் கேளுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். அச்சைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக வரும் ஆளுக்காகவும் காத்திருக்கலாம், அதுவரை கூழ் ஆறட்டும்.

உருக்குவதற்கு இரும்புக் கரண்டியும் கணப்புத் தணலும் போதும். சுமார் 230 டிகிரியில் இளகிவிடும். ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போன நம் ரசப் பிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அச்சின் உள்பக்கத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க விடுங்கள். அப்போதுதான் ஸ்பூன் ஒட்டாமல் கழன்று வரும். ஈரம் மட்டும் கூடாது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் ஆவியாகி, உருகியதை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். முதல் ஸ்பூன் பாதிக் காம்போடுதான் பிறக்கும், ஏனென்றால் அச்சு இன்னும் சூடேறவில்லை. திரும்பக் கரண்டியில் போடுங்கள். இரண்டாவதையும்.

மூன்றாவது தேறினால், ஊற்றுவாயில் நின்ற கட்டியை வெட்டி, பிசிறை அரத்தால் ராவி, சுரண்டித் தேயுங்கள். சாயங்காலம் ஆகிவிடும். பெயர் பொறிக்கவும் ஆசை வரும். வர்ஜீனியாவின் சக்கட்டக்கில் ஜோசப் கோப்லாண்ட் என்ற தொழில்காரர் தன் பெயரையும் ஊரையும் 1675 என்ற ஆண்டையும் ஸ்பூனில் முத்திரையிட்டார். அந்த ஸ்பூனின் காம்பு ஜேம்ஸ்டவுனில் தோண்டியபோது கிடைத்தது. உங்கள் ஸ்பூனில் பெயர் போடாமல் இருப்பதே நல்லது. காரீயம் எவ்வளவு கலந்திருக்கிறதோ. புளிப்புப் பட்டால் அது சாப்பாட்டில் இறங்கும்.

அச்சைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். புது ஸ்பூனைப் பையன் கணப்போரத்தில் வைத்துவிட்டு விளையாடப் போயிருப்பான். அச்சுக்காரர் வீடு இரண்டே மைல்தான்.