இரண்டு அப்பா, ஒரு ஜப்லா

கேள்வி: நாங்கள் தைக்கும் ஜப்லா, இரண்டு அப்பாக்கள் உள்ள யூத வீட்டுக்கும் போகுமா?
- பனியன் கம்பெனி வாசகர், திருப்பூர்

பதில்: போகட்டுமே, ஆனால் பிறந்த பிறகு! பிள்ளை பிறக்கும் முன்னே துணி வாங்கக் கூடாது என்பது பல யூத வீடுகளின் வழக்கம். நம் பாட்டிமாரும் அதையேதான் சொல்வார்கள். எல்லோரும் கேட்டு நடந்தால் உங்கள் ஆர்டர் என்னாவது? யூத வீட்டில் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் சுன்னத்தும் பெயர் சூட்டலும். அன்று பிள்ளையை ஏந்த மடிக்குப் பஞ்சமில்லை.

ஒரு காலத்தில் இப்படி இரண்டு அப்பாக்களாக வாழும் இஸ்ரேலியத் தம்பதிகள் பலரின் குழந்தைகள் இந்திய வாடகைத்தாய்களிடம் பிறந்தன. இந்தியாவின் 2012 விசா விதி அவர்களுக்குக் கதவடைத்தது. நேபாளம் போனார்கள், 2015 நிலநடுக்கத்தில் கைக்குழந்தைகளோடு விமானம் ஏறினார்கள். 2022 ஜனவரி முதல் வாடகைத்தாய் முறைக்கு இஸ்ரேலிலேயே அவர்களுக்கு அனுமதி. விசா செலவு மிச்சம்; அதில் நாலு ஜப்லா கூடுதலாக வாங்கலாம்.