எந்தப் பாக்கெட்டில் செத்தது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாகான் டாலாமில் நாங்கள் நாலு பேரும் பசியாறப் போனோம். நாலு பேரும் ஒன்று சேர்வது வருஷத்தில் ஒரு தடவை, அதுவும் யார் வீட்டிலாவது கல்யாணமோ கருமாதியோ விழுந்தால்தான். ரொட்டி சானாய், தே தாரேக், நடுவில் பொதுவாக ஒரு தட்டு வடை. சிரித்தோம், பழங்கதை பேசினோம், கிளம்பும்போது கட்டிப்பிடித்துக்கொண்டோம். காடியை வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் கைப்பேசி டிங் என்றது. டூயிட்நவ்வில் பணம் கேட்டு ஒரு விண்ணப்பம். 1 வெள்ளி 35 காசு. குறிப்பு: "வடை, உன் பங்கு."

நான் அந்த வடையைத் தொடவே இல்லை. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. தட்டை என் பக்கம் தள்ளினார்கள், நான் திருப்பித் தள்ளினேன், அவ்வளவுதான் எனக்கும் அந்த வடைக்கும் உள்ள தொடர்பு.

பக்கத்து வீட்டுத் தம்பி செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான். "அண்ணே, கிறிஸ்மஸ் லீவுல கூட்டாளிங்களோட யூரோப் சுத்தலாம்னு இருக்கோம், ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். அவனுக்கு மூன்று யோசனை எழுதித் தரலாம் என்று உட்கார்ந்த நேரத்தில்தான் இந்த 1 வெள்ளி 35 காசு வந்து விழுந்தது. முதல் யோசனை இது: கணக்கு எழுதுகிறவனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ. ஏன் என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டுக்கு வருகிறேன்.

2014 டிசம்பர். நாலு பேரும் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தோம். நாலு பேருமே பாகான் டாலாம் பையன்கள். இரண்டு பேருடைய அப்பா துறைமுகம், ஒருத்தன் அப்பா ரயில், என் அப்பா லோரி. ஒருத்தன் கணக்கன், ஒருத்தன் குட்டி, ஒருத்தன் தூங்குமூஞ்சி. உண்மைப் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அந்த வக்கீல் செலவையும் கணக்கன் நாலாகப் பிரிப்பான்.

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் இருந்துகொள்ளலாம். எங்களோடு வருவதாக இருந்த சென்னைக்காரன் மட்டும் வங்கிக் கணக்கு, தங்குமிட ரசீது, இன்சூரன்ஸ் என்று கோப்பு கட்டிக்கொண்டு அலைந்தான். அவனுக்கு விசா கிடைத்தபோது நாங்கள் போய், சண்டை போட்டு, திரும்பியும் வந்தாயிற்று. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் தனியாகப் போனான். நன்றாக இருந்ததாம்.

லண்டனிலிருந்து பாரிசுக்கு ராத்திரி பஸ். டோவரில் பஸ்ஸையே ஃபெர்ரிக்குள் ஏற்றி, ஒன்றரை மணி நேரத்தில் கலேயில் இறக்குவார்கள். காடியோடு கடல் கடப்பதெல்லாம் எங்களுக்குத் தொட்டில் பழக்கம் என்று குட்டி அடுத்த இருக்கை வெள்ளைக்காரக் கிழவியிடம் பெருமை அடித்தான். டிசம்பர் மாதத்து ஆங்கிலக் கால்வாய் பினாங்கு நீரிணை மாதிரி சாதுவில்லை. இருபதாவது நிமிஷம் அந்தக் கிழவிதான் அவனுக்குப் பிளாஸ்டிக் பை பிடித்தாள்.

யூரோவை நாலேகாலால் பெருக்குவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீங்களும் பெருக்கியவர்கள்தான். வெனிஸ் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பஸ் தண்ணீரில் ஓடுகிறது. ஒரு டிக்கெட் அப்போது 7 யூரோ, 60 நிமிஷம் செல்லும். கிட்டத்தட்ட 30 வெள்ளி. அதே வருஷம் எங்கள் ஊர் ஃபெர்ரிக்கு 1 வெள்ளி 20 காசு. அதையும் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும்போதுதான் வாங்குவார்கள், திரும்பி வர ஓசி. ஒரு வெனிஸ் டிக்கெட்டுக்கு 25 தடவை பினாங்கு போய் வரலாம். "ஃபெர்ரி சத்தத்துல பொறந்தவன்டா நான், இதுக்குப் போயி முப்பது வெள்ளியா?" என்று குட்டி ஏற மறுத்து நடந்தே போனான். மூன்று மணி நேரம் கழித்து, தங்கியிருந்த விடுதிக்குப் பின்சந்தில் அவனைக் கண்டெடுத்தோம். நடந்ததற்கும் கணக்கன் அவனிடம் காசு கேட்டான். காத்திருந்த நேரத்தில் நாங்கள் குடித்த காப்பிக்காக.

விஷயம் பாரிசில் இருக்கிறது. கணக்கன் ஊரிலிருந்தே ஒரு 555 புத்தகம் கொண்டுவந்திருந்தான். மளிகைக் கடைக்காரர்கள் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். பாரிஸ் மெட்ரோவில் அப்போது பத்து டிக்கெட்டைக் கட்டாக விற்பார்கள். தனி டிக்கெட் 1 யூரோ 70, கட்டாக வாங்கினால் பத்தும் சேர்த்து 13 யூரோ 70. கணக்கன் பூரித்துப்போய் ஒரு கட்டு வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் நாங்கள் நாலு பேர் என்பது அவனுக்கு உறைத்தது.

பத்தை நாலால் வகுத்தால் இரண்டரை. அரை டிக்கெட்டில் ஆள் போக முடியாது. 13 யூரோ 70-ஐ நாலால் வகுத்தால் 3 யூரோ 42 காசு, அப்புறம் அரைக் காசு. அந்த அரைக் காசு அவனை ராத்திரி தூங்கவிடவில்லை. விடிந்ததும் ஆளுக்கு இல்லை, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று முறையை மாற்றினான். ஒன்று 1 யூரோ 37. யார் எத்தனை கிழிக்கிறார்களோ அவ்வளவு. முதல் நாள் போக நாலு, வர நாலு, எட்டு தீர்ந்தது. மீதி இரண்டு.

மறுநாள் லூவர். அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. அங்கே தங்கிப் படிக்கிறவர்கள், 26 வயதுக்குக் கீழே என்பதால் எங்களுக்கு உள்ளே போக ஓசி. காசு கொடுக்காததால் அங்கே என்ன பார்த்தோம் என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. மோனாலிசா சின்னதாக இருந்தாள். வெளியே வந்தபோது கால் கெஞ்சியது. லா சப்பலில் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். எனக்கும் தூங்குமூஞ்சிக்கும் அந்த மீதி இரண்டு டிக்கெட். கணக்கனும் குட்டியும் நடந்து வருவதாக ஏற்பாடு.

தூங்குமூஞ்சி டிக்கெட்டை இயந்திரத்தின் வாயில் கொடுத்ததும் கதவு திறந்தது, போய்விட்டான். நான் கொடுத்தேன். கீங் என்றது. திருப்பிக் கொடுத்தேன். கீங். துடைத்துக் கொடுத்தேன், தலைகீழாகக் கொடுத்தேன், சாமியை வேண்டிக்கொண்டு கொடுத்தேன். டிக்கெட்டின் பின்னால் ஓடும் பழுப்புக் காந்தக் கோடு அழிந்துபோயிருந்தது. சன்னலில் இருந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பாராம். எங்களில் பிரெஞ்சு தெரிந்தவன் குட்டி. அவனுக்குத் தெரிந்தது இரண்டு சொல், அதில் ஒன்று ரொட்டி.

ஆக நாலு கிலோமீட்டர் நானும் நடந்தேன். வழி முழுக்க விவாதம் ஒன்றே ஒன்று: டிக்கெட் எந்தப் பாக்கெட்டில் செத்தது?

கணக்கன் தரப்பு: டிக்கெட்டை உன் கையில் உயிரோடு கொடுத்தேன். வாங்கியவன் பொறுப்பு. என் தரப்பு: பத்து டிக்கெட்டும் வாங்கிய ராத்திரியிலிருந்து உன் சில்லறைப் பையில் நாணயங்களோடும் பூட்டுச் சாவியோடும் உருண்டன, என் கைக்கு வந்து ஏழு நிமிஷம்தான், அது பிணமாகத்தான் வந்தது. கணக்கன்: அதே பையில் கிடந்த மற்ற ஒன்பதும் வேலை செய்தனவே? இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறியது உண்மை. பிறகு கட்டின் ஓரத்தில் இருந்த டிக்கெட்தான் நாணயத்தின் மேல் உரசும் என்றேன். ஓரம் என்றால் இரண்டு ஓரம் உண்டு, இன்னொரு ஓரத்து டிக்கெட் ஏன் சாகவில்லை என்றான் குட்டி. அவனை யாரும் கேட்கவில்லை. நாணயத்தில் காந்தம் இருக்குமா என்று கணக்கன் கேட்டான். ஒரு யூரோவா இரண்டு யூரோவா என்பதைப் பொறுத்தது என்றேன், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓப்பரா கட்டடத்தை நாங்கள் கடந்திருக்க வேண்டும். அதன் எதிரில் நின்று கணக்கன் தன் பையைக் குப்புறக் கொட்டி நாணயங்களை அந்தப் பூட்டுச் சாவியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒட்டவில்லை. அதனால் சாவி நிரபராதி என்று எழுதிக்கொண்டான். 555 புத்தகத்தில் எழுதினான் ஐயா, தேதி போட்டு.

என் கைப்பேசி உறையில் அப்போது ஒரு காந்தப் பூட்டு இருந்தது. டிக்கெட்டும் அதே பாக்கெட்டில்தான் இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணக்கன் கட்டுரை படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

லா சப்பலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காது மடல் உணர்வில்லாமல் போயிருந்தது. தமிழ்ப் பெயர்ப் பலகை, கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம், முருங்கைக்காய் கட்டு, நகைக்கடை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. கல்லாவில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பியள் எவடம்? எதுக்குச் சண்டை பிடிக்கிறியள்?" என்றார். பினாங்கு என்றோம். முகம் மலர்ந்துவிட்டது. "என்ர அம்மப்பா பிறையில ரெயில்வேயில கிளாக்கரா இருந்தவர். மலாயாப் பென்சனிலதான் எங்கட வீடே கட்டினது" என்றார். எங்கள் ஊரிலிருந்து பிறை ஒரு கூப்பிடு தூரம். ரயில்காரர் மகனான குட்டி எழுந்து நின்றுவிட்டான்.

தேத்தண்ணி வந்தது. ஒரு தட்டில் நாலு உளுந்து வடை வந்தது. "நாலு பேரெண்டுதானே கதைச்சியள்? மற்றவர் எங்கை?" என்றார். அவர் தூங்கிக்கொண்டு வருகிறார் என்று எப்படிச் சொல்வது? தூங்குமூஞ்சி ஏழாம் நம்பர் ரயிலில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, லா கூர்நேவ் கடைசி நிலையம்வரை போய்விட்டிருந்தான் என்பது எங்களுக்கே பிறகுதான் தெரியும். வடைக்குக் காசு எவ்வளவு என்று கணக்கன் புத்தகத்தை விரித்தான். "விசரே? பினாங்குப் பிள்ளையளிட்ட வடைக்குக் காசு வாங்குறதோ?" என்று பெரியவர் உள்ளே போய்விட்டார்.

எங்கள் அப்பாமார் அப்படித்தான் இருந்தார்கள். பாகான் டாலாம் ஒட்டுக்கடையில் நாலு பேர் தேத்தண்ணி குடித்தால், காசு கொடுக்க நடக்கும் தள்ளுமுள்ளில் நாற்காலி விழும். என் அப்பா சிறுநீர் கழிக்கப் போவதுபோல எழுந்து போய்க் கடைக்காரரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். இரண்டு நாள் அதற்காக அவரோடு பேசாமல் இருந்த நண்பர்கள் உண்டு. இப்போது அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. ஒருத்தன் கொடுக்கிறான், அவன் பெருந்தன்மையை நாம் மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வருகிறோம், டிங்.

வடைக்கு வருகிறேன். மூன்று பேர், நாலு வடை. ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். நாலாவது தட்டில் தனியாக இருந்தது. அது தூங்குமூஞ்சியுடையது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தாலும் ஆறிப்போகும். ஆறிய வடையை ஒரு நண்பனுக்குக் கொடுப்பதா என்று குட்டிதான் முதலில் கேட்டான். மூன்றாகச் சமமாக வெட்ட வேண்டும் என்றான் கணக்கன். பிளாஸ்டிக் கரண்டி உடைந்தது. கையால் பிய்த்தால் அளவு தப்பும். கணக்கன் என் பக்கம் கையை நீட்டி, "அந்த டிக்கெட்ட குடு" என்றான். அந்த டிக்கெட் சின்ன அட்டைத் துண்டுதான், இரண்டு விரல் அகலம், ஆனால் ஓரம் நல்ல கூர். நடு ஓட்டையிலிருந்து மூன்று திசையில் மூன்று கீறல். மொறுமொறு என்று வெட்டுப்பட்டது. அவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்ட வடையை நான் பிறகு பார்க்கவில்லை. ஐரோப்பாவில் பார்த்ததிலேயே அதுதான் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துத் தூங்குமூஞ்சி வந்தான். திரும்பி வரத் தனி டிக்கெட் 1 யூரோ 70 என்றான். கணக்கன் அதைத் "தூக்கச் செலவு, சொந்தம்" என்று எழுதினான். வடையை எப்படி எழுதுவது என்று யோசித்தான். ஓசி வடைக்கு விலை என்ன போடுவது? பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு மூடி வைத்தான். நாங்கள் மூன்று பேரும் வாயைத் துடைத்துக்கொண்டோம்.

டிக்கெட்டை நான் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஊறி, ஒரு மூலை கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிட்டது. பாரிசில் இப்போது அந்தப் பத்து டிக்கெட் கட்டு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். கணக்கன் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, கூட்டமான இடமாகப் பார்த்து, "இவன் எனக்கு 1 யூரோ 37 தரணும்" என்று ஆரம்பிப்பான். அன்றைய விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் இன்றைய விலைக்குக் கொடு என்பான். யூரோ இடையில் ஐந்து வெள்ளியையே தொட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த 1 வெள்ளி 35 காசைப் பார்த்த கோபத்தில் நான் செய்தது தப்புதான். டிக்கெட்டைத் தேடி எடுத்துப் படம் பிடித்து எங்கள் நாலு பேர் குழுவில் போட்டேன். "இது கத்தியாகப் பயன்பட்டது. கத்தி பொதுச் சாமான். ஆகவே பொதுச் செலவு. வடையை வெட்டித் தின்ற மூன்று பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினேன். சட்டப்படி அசைக்க முடியாத வாதம். கணக்கன் "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. மடக்கிவிட்டேன் என்று தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பதில் கணக்கனிடமிருந்து இல்லை. மூன்று வருஷமாக அந்தக் குழுவில் ஒரு வார்த்தை பேசாத தூங்குமூஞ்சி எழுதியிருந்தான்.

"எந்த வடைடா?"