விக் வைத்த மாப்பிள்ளை

கேள்வி: 'தி அமெரிக்கன்ஸ்' தொடரில் அதிகப் பாவம் செய்தது பிலிப்பா, எலிசபெத்தா?

பதில்: கொலைக் கணக்கில் இந்த உளவாளித் தம்பதி இருவருமே சளைத்தவர்கள் இல்லை. எனக்கு உறுத்துவது மார்த்தா கல்யாணம்தான். எஃப்.பி.ஐ. அலுவலகச் செயலாளரான அவளை வளைக்க, கேஜிபி உளவாளி பிலிப் விக்கும் கண்ணாடியும் மாட்டி 'கிளார்க்' ஆகிறார், மணமும் முடிக்கிறார். மாப்பிள்ளையின் சகோதரியாக வந்து நிற்பவர் நிஜ மனைவி எலிசபெத்! மாமியார் வேடத்தில் கேஜிபி மேலதிகாரி. மார்த்தா கடைசியில் போய்ச் சேர்ந்தது மாஸ்கோவில், மொழி தெரியாத தனிமைக்கு. பிலிப்போ வெறுத்துப்போய் உளவை உதறிவிட்டு, வெளிவேடத்துக்கு நடத்திவந்த டிராவல் ஏஜென்சியை மட்டும் கவனிக்கிறார், அங்கேயும் கடன். எலிசபெத்துக்காவது கொள்கை என்று ஒரு சாக்கு இருந்தது. தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பர்க் முன்னாள் சிஐஏ ஆள். கல்யாண ஏற்பாடெல்லாம் அத்தனை கச்சிதமாக இருந்ததற்கு அதுவும் காரணமோ என்னவோ!