வாசலை அளக்க மறந்தவர்கள்

ஹென்றி ஃபோர்டு பெரிய மேதை என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். போடட்டும். அந்த மேதை தன் முதல் வண்டியைக் கட்டி முடித்தது 1896 ஜூன் 4, விடியற்காலை. இடம், டெட்ராய்ட் பேக்லி அவென்யூவில் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொட்டகை. அதிலும் பாதி, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பங்கு. அவர் தன் கரியையும் விறகையும் ஒதுக்கிவைத்து இடம் கொடுத்திருந்தார். நாலு சைக்கிள் சக்கரம், இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஹாரனுக்குப் பதில் வீட்டு வாசல் மணி. கியர் இரண்டு, ரிவர்ஸ் கிடையாது. ஒவ்வொரு திருகாணியையும் அளந்து அளந்து போட்ட மனுஷன் கொட்டகை வாசலை மட்டும் அளக்கவில்லை. வண்டி வெளியே வரவில்லை.

கோடாலியை எடுத்தார், செங்கல் சுவரை இடித்தார், வண்டியைத் தெருவில் இறக்கினார். கோபமாக வந்த வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்ததும் உருகிப்போய், சுவரைத் திரும்ப அடைக்க வேண்டாம், அகலக் கதவாகவே போட்டுக்கொள்ளலாம் என்றாராம். நம்மூர் ஹவுஸ் ஓனராக இருந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டு, மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருப்பார். அமெரிக்கா முன்னேறியதற்கு ஆயிரம் காரணம் எழுதுகிறார்கள். இந்த வீட்டுக்காரரை யாரும் எழுதுவதில்லை.

ஃபோர்டின் மனைவி கிளாராவையும் சொல்ல வேண்டும். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, அவர் சமையலில் இருந்தபோது ஃபோர்டு ஒரு இன்ஜினைத் தூக்கிவந்து சமையலறைத் தொட்டியில் முடுக்கினார். பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்குகிறது. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் வேலை கிளாராவுக்கு. அடுப்பும் பெட்ரோலும் ஒரே அறையில். இன்ஜின் ஓடியது, வீடும் தப்பியது. மேதை யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கும் முன்னாடி ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காருக்கு 1886இல் காப்புரிமை வாங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சரிபண்ணட்டும், இன்னும் கொஞ்சம் சரிபண்ணட்டும் என்று பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி பெர்த்தா பொறுத்துப் பார்த்தார். 1888 ஆகஸ்டில் ஒருநாள் காலை, புருஷனை எழுப்பாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும் தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாததால் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் அடித்துக்கொண்டார். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்து அவர் சொன்ன குறை ஒன்றுதான்: மேட்டுக்கு இன்னொரு கியர் வேண்டும். பென்ஸ் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். சொல்லாமல் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய மனைவி திரும்பி வந்து கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

சரி, அதே காலத்தில் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் என்ன வண்டி ஓடியது? வண்டிக்கே அவசியமில்லை. மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று கதை. விஜயநகரம் போனது, நவாபு போனார், வெள்ளைக்காரனும் போனான். ஜாகீர் மட்டும் போகவில்லை. வரியும் கூலியில்லா வெட்டி வேலையும் மக்கள் முதுகில் ஏறியே போய்ச் சேர்ந்தன. பெட்ரோல் கேட்காத, ரிப்பேர் ஆகாத, அப்படியே ஆனாலும் ஆளை மாற்றிக்கொள்ளக்கூடிய வண்டி அது. நாட்டுக்கு 1947இல் கிடைத்தது இந்த மலைக்கு 1976இல்தான் வந்தது. தேசம் முழுக்க நெருக்கடி நிலை. ஊரெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே விடுதலை. நம்ம மாவட்டத்தின் நேரம் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

சமவெளித் தமிழன் சும்மா இருக்கவில்லை. சென்னையில் குதிரைக் கோச்சு கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். ஆனால் அது கம்பெனிப் பட்டறை. வீட்டுக் கொட்டகைப் பரம்பரைக்கு நம்ம பக்கத்து ஆள் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுதான்.

1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மேல் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைத்திருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பித்துப் பிடித்து, கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்து காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கினவன் ஓட்டுவான். இவர் கழற்றினார். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதே அபூர்வம். அதைத் திண்ணையில் துண்டு துண்டாகப் பரப்பினால் வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும்! திரும்பப் பூட்டினார், ஓடியது. 1920இல் வெள்ளைக்காரத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். முருகனே வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கும் ரூட். ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாயிற்று.

1952இல் நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். டாட்டா ஒரு லட்ச ரூபாய் நானோவைக் காட்டி உலகத்தையே வாய் பிளக்க வைத்தது 2008இல். நாயுடு செய்தது அதற்கு 56 வருஷம் முன்னால். எல்லாம் அளந்தார், வாசலை மட்டும் அளக்கவில்லை. அவருடைய வாசல் டெல்லியில் இருந்தது. சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை; கார் நின்றது. ஃபோர்டுக்குக் கிடைத்தது செங்கல் சுவர், கோடாலி போதும். ஃபைலைக் கோடாலியால் வெட்டினால் அதற்குத் தனியாக ஒரு ஃபைல் போடுவார்கள்.

இடையில் இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு பொற்காலமும் இருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி உலையைக் கட்டிவிட்டார்கள். கிளம்புவதற்கு ரொம்ப முன்னாலேயே கிளீனர் கரியைப் பற்றவைத்து, காற்றாடியைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்குவார். கரி வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குப் போகும். பெட்ரோலில் இருந்த சக்தி இதில் வராது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும், அதுவும் டிக்கெட் எடுத்துவிட்டு. பெர்த்தாவின் பையன்களாவது ஓசிப் பயணம்.

அப்புறம் சென்னையின் மீன்பாடி வண்டி. பழைய பைக் இன்ஜினை மூன்று சக்கர வண்டியில் மாட்டி, எத்தனை முறை தடை போட்டாலும் ஓடின அந்த வண்டியைச் செய்தவர்களுக்கு ஒரு சிலைகூட இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது: கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. பிரேக்கை நினைத்துப் பார்த்தால் நீதிபதிகள் சொல்வது நியாயம்தான்.

ஒரு பேச்சுக்கு, ஃபோர்டையும் கிளாராவையும் கொண்டுவந்து கள்ளக்குறிச்சியில் இறக்குவோம். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. பிளான் பேப்பரில் இல்லை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸில் கிடக்கிறது. டீ கொண்டுவரும் பையன் மிதித்ததில் பின் சக்கரம் அரை அடி நகர்ந்துவிட்டது. பம்புசெட் இன்ஜின், அம்பாசிடர் கியர் பாக்ஸ், ஜீப் ஆக்சில், மற்றதெல்லாம் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான். ராடைத் தட்டித் தட்டி டேக் அடித்து நிறுத்தியாயிற்று. இந்தத் தடவை சுவர் பிரச்சினை இல்லை, பட்டறைக்குச் சுவரே கிடையாது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே புகுந்து, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு எதிரே இறங்கும் வேன்காரர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பவில்லை. ரிவர்ஸ் இல்லாததால் கிளாரா அம்மாள் இறங்கித் தள்ளி, மூக்கை வந்த வழிக்கே திருப்பிவிட்டார்.

அடிவாரத்தில் போலீஸ்காரர் கை காட்டினார்.

“யோவ், ஆர்.சி. புக்க எடு.”

“ஐயா, இது வண்டி இல்லீங்க. தண்ணி எறைக்கிற மோட்டாரு. கெணத்துக்குக் கொண்டு போறோம்.”

“கெணறு எங்க இருக்கு?”

“மேல, வெள்ளிமலைலீங்க ஐயா.”

“அப்புறம் ஏன்யா டவுனப் பாத்துப் போற?”

“அதாங்க, அதையேதான் எம் பொண்டாட்டியும் கேக்குறா.”