ஓரங்குல வீரர்களின் ஓவியர்

28 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவங்களுக்கு வண்ணம் பூசுவதைப் பொழுதுபோக்காகத் தொடங்கி, நாளடைவில் போக்குவதற்குப் பொழுதே மிஞ்சாமல் போனவர் மினியேச்சர் ஓவியர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவ்வினம் மிகுதி. பகலில் கணக்காளர், பள்ளி ஆசிரியர், மென்பொருள் பொறியாளர் என்று ஏதாவதொரு வேடத்தில் நடமாடுவார். இடது கட்டைவிரல் நகத்தில் காய்ந்த பெயின்ட் இருந்தால் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். இரவானதும் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் விளக்கை இழுத்து வைத்து, நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருவார். மற்ற மூன்று மூலைகளும் குடும்பத்துக்கு என்பது ஒப்பந்தம். அது எந்த வீட்டிலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

அந்த 28 மில்லிமீட்டரைக் கண் வரை அளப்பதா, உச்சந்தலை வரை அளப்பதா என்பது இத்துறையில் தீராத வழக்கு. கொம்பு வைத்த தலைக்கவசங்கள் வழக்கை மேலும் சிக்கலாக்கிவிட்டன. போதாக்குறைக்கு, முகமும் கையும் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிற்பிகள் அவற்றைப் பெரிதாகச் செதுக்குவார்கள். அந்த விகிதத்தில் ஒரு மனிதன் பிறந்தால் அவனுக்குச் சட்டை தைக்க முடியாது. ஓவியர் இதைக் குறையாகச் சொல்லமாட்டார். முகம் பெரிதானால் கண் பெரிதாகும். கண் பெரிதானால் வேதனை குறையும்.

இவ்வினத்தின் பூர்வோத்தரம் தெளிவாகவே கிடைக்கிறது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிநூலே எழுதினார். ஆனால் ஓவியரைப் பெருக விட்டது 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கிய ஆட்டம் அது. ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்கள் செய்யப் போவதை வாயால் சொல்லி, பகடை உருட்டி விளைவை அறிந்துகொள்வார்கள். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள். விலை 10 டாலர். ஆடுவதற்கு வேண்டியவை காகிதம், பென்சில், சிறு உருவங்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே திறந்தாலோ, உருவங்கள் கட்டாயமல்ல, பார்வைக்கு அழகு, அவ்வளவே என்று எழுதியிருந்தது. உள்ளே படித்தவர்கள் பணத்தைச் சேமித்தார்கள். அட்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஓவியர்கள் ஆனார்கள்.

கைகாக்ஸ் மலிவுக் கடையொன்றில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் மிருகங்களும் இவர்களின் தலபுராணத்தில் இடம்பெற்றவை. என்ன விலங்கு என்று செய்தவருக்கே தெரியாத உருப்படிகள். வாலில் காற்றாடி போல ஏதோ முளைத்திருந்த ஒன்று, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் ஆயிற்று. இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடியாயிற்று. இரண்டும் 1975இல் விதிநூலில் ஏறின. முதலில் பொம்மை, அதற்கப்புறம்தான் அரக்கன். ஆட்டத்துக்கு வேண்டாத உருவங்களை எதற்கு வாங்கிக் குவிக்கிறாய் என்று வீட்டில் கேட்கும்போது ஓவியர் காட்டும் வரலாற்றுச் சான்று இதுவே. வீட்டார் இதுவரை ஏற்றதில்லை.

கருவிகளில் தலையானது பிரஷ். கோலின்ஸ்கி என்ற சைபீரிய வீசலின் வால்மயிரில் செய்தது மட்டுமே கைக்கு ஆகும் என்பது கொள்கை. இவர்கள் போற்றும் வின்சர் அண்ட் நியூட்டனின் 'சீரிஸ் 7', 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது. அவர் விரும்பிய அளவு ஏழு என்பதால் அந்தப் பெயர். மகாராணி அதைக் கொண்டு இயற்கைக் காட்சிகள் தீட்டினார். ஓவியர் அதைக் கொண்டு கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் மூக்கில் ஒழுகும் சளிக்குப் பளபளப்பு ஏற்றுகிறார். முனை விரிந்தால் உதட்டில் வைத்துக் கூராக்குவார். பெயின்ட்டில் நஞ்சில்லை என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை விருந்தாளிகளுக்குப் படித்தும் காட்டுவார். பிரஷ் கழுவும் தண்ணீரும் தேநீரும் ஒரே மாதிரிக் கோப்பைகளில் அருகருகே இருக்கும். பிரஷ் தேநீரில் தோய்வது அன்றாட நிகழ்ச்சி. மற்றது எப்போதாவதுதான் நடக்கும், குடித்து முடித்த பிறகு தெரியவரும்.

பெயின்ட் புட்டி மிகச் சிறியது. ஒரு வீரனுக்கு ஓரிரு துளி போதும் என்பதால் கணக்குப்படி ஒரு புட்டி பேரன் காலம் வரை வர வேண்டும். ஆனாலும் மாதந்தோறும் புதிதாக வாங்குவார். பழுப்பில் மட்டும் ஒரு வரிசை இருக்கும்: சேணப் பழுப்பு, செருப்புத்தோல் பழுப்பு, ஈரமண் பழுப்பு, காய்ந்தமண் பழுப்பு. இவற்றை வேறுபடுத்திக் காணும் கண் தனக்கு வாய்த்திருப்பதாக நம்புவார். மேலே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிட்டால் அந்தக் கண் உதவாது.

வேலை சுரண்டலில் தொடங்குகிறது. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் உருவத்தின் மேல் மெல்லிய தழும்பு ஓடும். அதைக் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். எத்தனை தேடினாலும் ஒரு தழும்பு தப்பிவிடும். அது மூக்கின் நடுவே இருந்ததைக் கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு பார்ப்பார். சுரண்டலுக்குப் பின் பிரைமர், அதன்மேல் அடிநிறம், அதன்மேல் வாஷ் எனப்படும் நீர்த்த கறுப்பு. இந்தக் கலவை தானாகவே ஓடிப் பள்ளங்களில் இறங்கி நிழலாகிவிடும். தட்டையாக இருந்த அங்கி ஒரு நிமிடத்தில் நூறு மடிப்புகளோடு உயிர்பெறும். இந்த இடத்தில் எழுந்து கைகழுவிக்கொண்டு தூங்கப் போனால் ஓவியரைப் போல நிம்மதியான மனிதர் உலகில் இல்லை. போகமாட்டார். கண் பாக்கி இருக்கிறது.

இக்கலையின் குருக்ஷேத்திரம் கண்தான். முதலில் வெள்ளையில் ஒரு சிறு கீற்று, அதன் நடுவே கருவிழிக்கு ஒரு புள்ளி. பார்க்கப்போனால் இரண்டே தீற்றல். இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பிரஷ்ஷை இறக்குவார். இடக்கண் அபாரமாக வந்துவிடும். அதுதான் ஆபத்து, இனி வலக்கண் அதற்கு ஈடாக வேண்டும். வலக்கருவிழி ஒரு மயிரிழை மூக்குப் பக்கம் சாயும். திருத்துவார், காதுப் பக்கம் சாயும். மறுபடி திருத்தினால், இடக்கண் அவ்வளவு சரியாக இருந்ததா என்று சந்தேகம் வரும். நள்ளிரவுக்குள் பெயின்ட் தடித்து, ஒரு ராஜ்ஜியத்தை மீட்கப் புறப்பட்ட வீரன் கடைவாய்ப் பல்வலியோடு நிற்பவன் போல் ஆகிவிடுவான். அனுபவசாலிகள் இதற்குக் கண்ட பரிகாரங்கள் பல: முகம் மூடிய தலைக்கவசம், நிழல் விழும் முக்காடு, ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்புத் திரை. ஒருவரின் அலமாரியில் எல்லா வீரர்களும் முக்காடிட்டிருந்தால் அது திருடர் படை என்று எண்ணிவிடக் கூடாது.

கண்ணைக் கடந்தவர்களுக்கு அடுத்த சோதனை காத்திருக்கிறது. தங்கம், வெள்ளி, செம்பு என்று உலோகப் பளபளப்புள்ள பெயின்ட்கள் கடையில் உண்டு. ஒரு தீற்றலில் வாள் மின்னும். முதிர்ந்த ஓவியர் அவற்றை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு, சாதாரண மஞ்சள், பழுப்பு, வெள்ளையை மட்டும் குழைத்து, ஒளி எங்கே படும் எங்கே படாது என்று கணித்து, மூன்று வாரத்தில் அதே வாளைத் தங்கம்போல் காட்டுவார். இதற்குப் பெயர் உலோகமில்லா உலோகம். எட்ட இருந்து பார்ப்பவர், தங்கப் பெயின்ட் அடித்திருக்கிறாரா என்று கேட்பார். இதைவிடப் பெரிய பாராட்டும் இல்லை, இதைவிடப் பெரிய அவமானமும் இல்லை.

வண்ணம் பூசியவை ஒரு தட்டு நிறைந்தால் பூசாதவை ஓர் அறை நிறையும். இந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மலைக்கு இவர்களே வைத்த பெயர் வெட்கக் குவியல். வெட்கம் வாங்குவதைத் தடுத்ததாகத் தகவல் இல்லை. 2012இல் ரீப்பர் என்ற அமெரிக்க நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் முன்பணம் திரட்டியபோது 34 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 100 டாலர் கட்டியவர்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் பெட்டியில் வந்து இறங்கின. வாரம் ஒன்று பூசினாலும் நான்கு ஆண்டு வேலை. குவியல் தீரும் முன் தான் தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை ஓவியருக்கு உண்டு. ஒரே பூச்சில் நிறமும் நிழலும் சேர்ந்து விழும் பெயின்ட் 2019இல் சந்தைக்கு வந்தபோது இந்தக் கவலை தீர வழி பிறந்தது. எல்லா நிறத்தையும் வாங்கினார். அவற்றின் மேல் வழக்கம்போல் ஏழு பூச்சுப் பூசினார்.

கிளை இனங்களில் குறிப்பிடத்தக்கவர், தன் பாத்திரத்தைத் தானே வரைபவர். இவருடைய எல்ஃப் வில்லாளி எப்போதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார், ஏனென்றால் விரல் வரைவது கடினம். பயிற்சி போதவில்லையே என்று சோர்வு வந்தால், 1974 பெட்டியின் சித்திரங்களில் சில மார்வெல் காமிக்ஸ் பக்கங்களைப் பார்த்துப் போட்டவை என்பதை நினைத்துத் தேறுவார். மனம் மலர்ந்திருந்தால், அதே ஆட்டத்தின் 1983 சிவப்புப் பெட்டியில் லாரி எல்மோர் தீட்டிய டிராகனையும், 1978இன் விதிநூல் அட்டையில் டேவிட் டிராம்பியர் தீட்டிய பெருஞ்சிலையையும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சிலையின் கண்ணிலிருந்து இரண்டு திருடர்கள் மணியைப் பெயர்க்கிறார்கள். அங்கேயும் சிக்கல் கண்தான். கற்பனை நாடுகளின் வரைபடக்காரர் வேறு ரகம். காகிதத்தைத் தேநீரில் நனைத்து, ஓரத்தைக் கருக்கி, ஆயிரம் ஆண்டுப் பழமை ஏற்றுவார். பறக்கும் டிராகன்களையும் பேசும் மரங்களையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும் இவர், பிறர் படத்தில் ஆறு கடலை நோக்கிப் போகும் வழியில் காரணமில்லாமல் இரண்டாகப் பிரிந்தால் கொதித்துப் போவார். பிசினில் பகடை வார்ப்பவர்கள் குமிழியைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை.

இவ்வினத்தின் திருத்தலம் இங்கிலாந்தின் நாட்டிங்காம். உருவம் வார்க்கும் நிறுவனங்கள் அங்கே நெருங்கிக் கிடப்பதால் அவ்வட்டாரத்துக்கு ஈயப் பட்டை என்றே செல்லப்பெயர். அங்குள்ள கேம்ஸ் வொர்க்ஷாப், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. எதற்கு இத்தனை என்று கேட்டவர்களுக்கு அன்று ஓவியர் செய்தித்தாளை மடித்துக் கொடுத்தார். அந்நிறுவனம் 1987 முதல் நடத்தும் கோல்டன் டீமன் போட்டியில் ஒட்டுமொத்தமாக முதலிடம் பெறுபவருக்குப் பரிசு ஓர் உண்மையான பெரிய வாள். நகக்கண் அளவு வாளுக்கு மாதக்கணக்கில் ஒளியேற்றியவர், பரிசு வாளை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, பேருந்தில் எப்படி ஏற்றுவது என்று யோசிப்பார்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஐந்து பேருக்கும் ஒரே மாலையில் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதால் அது அடிக்கடி நடப்பதில்லை. புதிதாக வண்ணம் பூசிய உருவம் முதல் சண்டையிலேயே சாகும் என்பது இவர்களின் அசையாத நம்பிக்கை. இருபது முகப் பகடையில் 1 விழ வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான் என்று கணிதம் சொல்லும். பகடைக்குக் கணிதம் தெரியாது. நாற்பது இரவுகள் உழைத்து, உலோகமில்லா உலோகத்தில் கைத்தடியும் இரண்டு சமமான கண்களும் பெற்ற மந்திரவாதி, குகையின் முதல் அறையிலேயே மூன்று கோப்ளின்களிடம் மாட்டிச் சாவார். கதை நடத்துபவர் விதிநூலின் உள்பக்கம் படித்தவர். அவருடைய கோப்ளின்கள் சோடா மூடிகள். மூன்று மூடிகளால் கொல்லப்பட்ட மந்திரவாதியை எடுத்துப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓவியர் புதிய பாத்திரத்துக்கான படிவத்தை இழுத்து நிரப்பத் தொடங்குவார். பெயர், தொழில், பலம் எல்லாம் எழுதியான பின், பிறவியிலேயே ஒற்றைக் கண்ணராக இருக்க விதி இடம் தருகிறதா என்று கேட்பார்.