ஆந்திரா கட்டாத சுவர்

2016இல் வாணியம்பாடிக்கு அந்தப் பக்கம் புல்லூரில், பாலாற்றின் 5 அடித் தடுப்பணையை ஆந்திர அரசு 12 அடியாக்கியது. நம்மூர்க் கரைவேட்டிகளுக்கு ரத்தம் கொதித்தது. கட்சிக்கொரு கொடி, கொடிக்கொரு ஆர்ப்பாட்டம். 1892ஆம் வருட நதிநீர் ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். பாலாறு அன்று எல்லோருக்கும் தாயானாள்.

ஆந்திரா செய்தது அடாவடிதான். ஆனால், பாலாறு அங்கே ஓடுவது 33 கிலோமீட்டர், இங்கே 222. அந்த 33க்கு முழங்கும் தொண்டை இந்த 222க்கு மட்டும் ஏன் கட்டிக்கொள்கிறது?

மழைக்காலத்தில் ஆம்பூர் மாராப்பட்டுப் பாலத்தில் நின்று பாருங்கள். ஆறு பஞ்சுப்பொதியாக நுரைத்து வரும். காற்றடித்தால் ஒரு பிசிறு பைக்கில் போகிறவர் சட்டையில் ஒட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டே தட்டிவிட்டுப் போவார். வெள்ளத்தோடு வெள்ளமாகத் தோல் ஆலைக் கழிவைத் திறந்துவிடுவது ஊரறிந்த ரகசியம். "தண்ணீர் விடு" என்று எல்லையில் கத்துகிறோமே, எதற்கு? கழிவை அடித்துக்கொண்டு போகத்தானே?

சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள், மானியம் தருகிறோம் என்று பத்து வருடம் கெஞ்சிப் பார்த்தது அரசு. முதலாளிகள் அசையவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் சாட்டையை எடுத்தது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் காலூன்றியதில் இந்த வேலூர் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. உலகத்துக்கே பாடம், உள்ளூருக்கு மட்டும் விடுமுறை.

2001இல் இழப்பீடு கணக்கிட்டார்கள்: 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200கூடத் தேறாது. 1991 முதல் 1998 வரை பாழான நிலத்துக்கும் கிணற்றுக்கும் அதுதான் விலை. ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ வெளிநாட்டுக் கடையில் அதைவிடக் கூடுதலாக விலை போகலாம். அந்தப் பணமும் ஒழுங்காகப் போய்ச் சேராமல், 'ஆறு வாரத்துக்குள் கொடு' என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இதற்காக எந்தத் தலைவர் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்?

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் நச்சுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்தச் சுவரை ஆந்திரா கட்டவில்லை.

பாலாற்றங்கரை வேலூர் இன்று மேட்டூரிலிருந்து குழாய் போட்டுக் காவிரியைக் குடிக்கிறது. அதுவும் குறைந்தால் கவலை வேண்டாம். கைகாட்ட அங்கேயும் ஒரு பக்கத்து மாநிலம் இருக்கிறது.