ஒரு கிளாஸ் கிருமி

வயிற்றில் புண் என்று போய் நின்றால், போன நூற்றாண்டின் மேல்நாட்டு டாக்டர் முதலில் குற்றப்பத்திரிகை வாசிப்பார். கவலைப்படுகிறாய், காரம் தின்கிறாய், அவசரப்படுகிறாய். மருந்து அப்புறம்.

மருந்து என்றால்? 1915-இல் சிகாகோ டாக்டர் பெர்ட்ராம் சிப்பி ஒரு வழி சொன்னார். பகல் முழுக்க மணிக்கொரு தரம் பாலும் கிரீமும். நடுநடுவே சோடா உப்பு வகைப் பொடி. வயிற்று அமிலம் அடங்கியது. சிலருக்குச் சிறுநீரகமும் சேர்ந்து அடங்கிப்போனது. பாலுக்கு மசியாதவர்களை சர்ஜன் கவனித்துக்கொண்டார்: வயிறு இருந்தால்தானே வம்பு, ஒரு பகுதியை வெட்டு!

1976-இல் ஜேம்ஸ் பிளாக் குழுவின் சிமெட்டிடின் பிரிட்டனில் கடைக்கு வந்தது. அமிலத்தைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹிஸ்டமினை அது வாசலிலேயே மறித்தது. அடுத்து 1981-இல் ரானிடிடின். புண் ஆறிவிடும், மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். கம்பெனிக்காரன் சாமியிடம் வேண்டிக்கொண்டால்கூட இப்படியொரு நோய் கிடைக்காது.

இந்த நல்ல வியாபாரத்தில் மண்ணைப் போட்டது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். அங்கே ராபின் வாரன் என்ற நோயியல் டாக்டர் 1979-இல் வயிற்றுச் சதைத் துணுக்கில் வளைந்து நெளிந்த கிருமிகளைப் பார்த்தார். அந்த அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று சிரித்தார்கள். கூட்டுச் சேர்ந்தவர் பாரி மார்ஷல் என்ற இளவட்டம். கிருமியைத் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காததால் லேப்காரர்கள் தட்டைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் லீவில் எறிய ஆளில்லை. திரும்பி வந்து பார்த்தால் தட்டு நிறையக் கிருமி. அரசு விடுமுறையைக் குறை சொல்பவர்கள் கவனிக்க.

புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்றால் ஊர் அப்போதும் நம்பவில்லை. பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மார்ஷல். அவை கொழுத்ததுதான் மிச்சம். 1984-இல் ஒரு நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் கலக்கி, தானே மடமடவென்று குடித்துவிட்டார். எத்திக்ஸ் கமிட்டியிடம் கேட்கவில்லை, கேட்டால் கூடாது என்பார்கள். மனைவியிடமும் சொல்லவில்லை, அதே காரணம்தான்.

சில நாளில் குமட்டல், விடியற்காலை வாந்தி. வாய் நாறுகிறது என்று பெற்ற தாயே சொன்னார். பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தால் வயிற்றுச் சுவர் அழற்சி, உள்ளே கிருமி குடித்தனம். விஷயம் தெரிந்த மனைவி ஏட்ரியன் ஆராய்ச்சியை அத்தோடு முடித்து வைத்தார்: முதலில் ஆன்டிபயாடிக்கைப் போடு!

2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல். வலி மாத்திரை தின்று வரும் புண் வேறு கதை. மற்றதில் பெரும்பாலானவை ஹெலிகோபாக்டர் என்ற இந்தக் கிருமியின் வேலைதான். ஆயுள்சந்தா கட்டிய வியாதிக்கு இரண்டு வாரம் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் அமில மாத்திரைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? அந்த இரண்டு வாரச் சீட்டிலும் ஆன்டிபயாடிக்குகளுக்குப் பக்கத்திலேயே ஒமெப்ரசோல் வகையறா இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது.